பூட்டு மாட்டாத வாசல்

செஞ்சிக் கோட்டைக்குப் போகாதவர்கள்கூட அதைக் கடந்து போயிருப்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கிளம்புகிற பஸ்களில் ஜன்னல் சீட் பிடித்த பாக்கியசாலிகளுக்கு ராஜகிரி மலை தெரியும். மற்றவர்களுக்கு எதிரே நிற்பவரின் முதுகு தெரியும்.

இறங்கி ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் மகிமை புரியும். சுமார் 800 அடி உயரம். ஏற ஏற வாசலுக்கு மேல் வாசல். மூச்சு வாங்கி, குரங்குகளிடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்து, 'அப்பாடா, வந்துட்டோம்' என்று நினைக்கிற இடத்தில் பெரிய பாறைப் பிளவு ஒன்று குறுக்கே நிற்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியது. அப்புறம் மேலே பத்துப் பேர் இருந்தால் போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் சமாளிக்கலாம் என்பார்கள்.

ஔரங்கசீப்பின் படை 1690-ல் வந்து வளைத்தது. கோட்டை அவர்கள் கைக்குப் போனது 1698-ல்! கிட்டத்தட்ட எட்டு வருஷம். நம் வீட்டு காம்பவுண்டு சுவர் ஒரு ஐப்பசி மழைக்கே தாங்க மாட்டேன் என்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்ததே, அதில் பதினொன்று மகாராஷ்டிராவில். மீதி ஒன்று நம்ம செஞ்சி.

'ஏம்ப்பா, கோட்டை புராணம் எதுக்கு? விஷயத்துக்கு வா' என்கிறீர்களா? வந்துவிட்டேன்.

செஞ்சி எட்டு வருஷம் தாங்கியது, அது கட்டி முடித்த கோட்டை என்பதால். கோன் வம்சத்தார், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள். சுவர் பாதி எழும்பி, வாசலுக்குக் கதவே வந்து சேராத நாளில் அதே படை வந்திருந்தால் எட்டு வருஷம் எதற்கு, எட்டு நிமிஷம் போதும்.

பதினாலு பதினைந்து வயசுப் பையனின் மூளை அப்படிப்பட்ட கோட்டை. சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, டெலிவரி ஆகவில்லை. அந்த நேரத்தில் கஞ்சா உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

'பி.காம். படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்?' நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தது பாலன்ஸ் ஷீட் பார்க்க மட்டும்தான். ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது ஐம்பது வருஷமாக எழுதி வைத்திருக்கிற பேரேட்டைப் புரட்டினேன். வரவு, செலவு, சந்தேகக் கணக்கு மூன்றையும் அப்படியே உங்கள் முன்னால் வைக்கிறேன். ஆடிட் செய்யும் உரிமை உங்களுக்கு.

வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்

குழந்தை பிறந்து ஆறேழு வருஷத்திலேயே தலை கிட்டத்தட்ட முழு சைஸுக்கு வந்துவிடுகிறது. அதோடு மூளை வளர்ந்து முடிந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1990-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜே கீட் என்பவரும் அவர் குழுவும் ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டீன் ஏஜில் உள்ளே பெரிய ரிப்பேர் வேலை நடக்கிறது என்று.

என்ன வேலை? தேவையில்லாத இணைப்புகளை வெட்டுவது, தேவையான ஒயருக்கு இன்சுலேஷன் சுற்றுவது. பழைய வீட்டில் எலெக்ட்ரீஷியன் புகுந்த மாதிரி. அவரும் பின்கட்டில் ஆரம்பித்து முன் ஹாலுக்குக் கடைசியில்தான் வருகிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை முழுசாகத் தயாராவது சுமார் 25 வயதில். 'இது வேணாம்டா', 'கொஞ்சம் யோசி', 'நாளைக்கு என்ன ஆகும்?' என்று கேட்கிற டிபார்ட்மெண்ட் அதுதான். ஆசை, கோபம், த்ரில் எல்லாம் அதற்கு ரொம்ப முன்னாலேயே டியூட்டியில் சேர்ந்துவிடுகின்றன. மேனேஜர் லீவில் இருக்கும் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு, கையில் இருந்த சொற்ப வீரர்களோடு ஆற்காடு நவாபின் பெரும்படை மீது பாய்ந்து உயிரை விட்டது 1714-ல். வயது 22! அந்த வீரத்தைத்தான் முந்நூறு வருஷமாகக் கதைப்பாடலாகக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, 'தம்பி, நாலு நாள் பொறுத்துப் போகலாமே' என்று சொல்லியிருக்கலாம் என்று செஞ்சிக்கார நண்பர் ஒருவர் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

பந்தியில் 'போதும்' சொல்பவர்

கஞ்சாவில் போதை தருகிற சமாசாரத்தின் பெயர் டி.எச்.சி. அதை 1964-ல் தனியாகப் பிரித்துக் காட்டியவர்கள் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவர் சகா கவோனியும். ஆராய்ச்சிக்குச் சரக்கு வேண்டுமே? மெக்கூலம் போலீஸிடமே கேட்டு 5 கிலோ ஹஷீஷ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாராம். பயணிகள் 'என்ன வாசனை இது?' என்று மூக்கை உறிஞ்சினார்களாம். திண்டிவனம் பஸ்ஸில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

டி.எச்.சி. மூளைக்குள் போய் எங்கே உட்காருகிறது? 1988-ல் அதற்கான நாற்காலியைக் கண்டுபிடித்தார்கள். கஞ்சா பிடிக்காதவன் மூளையிலும் இந்த நாற்காலி ஏராளமாக இருக்கிறது! அப்படியென்றால் அதில் உட்கார வேண்டிய நிஜ ஆசாமி யார்? 1992-ல் அவரும் கிடைத்தார். மூளை தானே தயாரிக்கிற ஒரு ரசாயனம். மெக்கூலம் குழுவினர் அதற்கு வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. நம்ம சம்ஸ்கிருத 'ஆனந்தம்'தான்.

இந்த ஆனந்தமைடு அன் கம்பெனியின் வேலை என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நரம்பு செல் பரிமாறுகிறது, அடுத்தது சாப்பிடுகிறது. சாம்பார் வாளியோடு வந்தவர் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்? இலைக்கு மேல் கையை மறைத்து, 'போதும் ஸார், போதும்' என்பீர்கள். சாப்பிடுகிறவர் பரிமாறுகிறவருக்குக் காட்டுகிற அந்த சைகைதான் ஆனந்தமைடின் வேலை. தேவைப்பட்ட இலையில், தேவைப்பட்ட நொடியில் 'போதும்' சொல்லிவிட்டு மறைந்துவிடும்.

டி.எச்.சி. என்ன செய்கிறது? மண்டபத்து வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'போதும்! போதும்! போதும்!' என்று எல்லா இலைக்கும் சேர்த்து மணிக்கணக்கில் கத்துகிறது. பாயசம் கேட்டவனுக்குப் பாயசம் இல்லை, அப்பளம் கேட்டவனுக்கு அப்பளம் இல்லை. சிரிப்பு, மயக்கம், நேரம் ஊர்வது, ஞாபகம் வழுக்குவது எல்லாம் இந்தக் குழப்பத்தின் விளைவு.

நாற்பது வயதுக்காரர் மண்டபத்தில் குழப்பம் என்றால் ஒரு வேளைப் பந்தி கெடும். பதினாலு வயசில் எந்த ஒயரை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று எலெக்ட்ரீஷியனுக்கு வழிகாட்டுவதிலும் இந்த ஆனந்தமைடு கோஷ்டிக்குப் பங்கு உண்டு. மைக் சத்தத்தில் அவர் காதில் என்ன விழும்? ஐரோப்பாவில் 799 பிள்ளைகளை 14 வயதில் ஒரு முறையும், ஐந்து வருஷம் கழித்து ஒரு முறையும் ஸ்கேன் செய்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. இடையில் கஞ்சா அதிகம் பிடித்தவர்களின் முன்மூளைப் புறணி, மற்றவர்களைவிட வேகமாக மெலிந்திருந்தது. மேனேஜர் ரூமிலேயே கை வைத்துவிட்டது என்று அர்த்தம்.

எலியும் இரட்டையரும்

'ஒரு இழுப்பு இழுத்தா ஹெராயின் வரைக்கும் போயிடுவான்' என்று பயமுறுத்துவது ஒரு கட்சி. 'அதெல்லாம் சும்மா ஸார்' என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

1975-ல் டெனிஸ் கேண்டல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு வரிசையைக் கவனித்தார். பிள்ளைகள் பீர், சிகரெட் என்று ஆரம்பித்து, கஞ்சாவுக்கு வந்து, அதன் பிறகே மற்ற சரக்குகளுக்குப் போகிறார்கள். 'வாசல் கொள்கை' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆனால் வரிசையில் முன்னால் நிற்பதாலேயே அது காரணமாகிவிடுமா? பஸ்ஸுக்கு முன்னால் டீ குடித்தோம் என்பதற்காக டீதான் பஸ்ஸை வரவழைத்தது என்று சொல்ல முடியாதே! வீட்டுச் சூழ்நிலை, சேர்க்கை, பரம்பரைக் குணம் இவையே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

இதைத் தீர்க்க இரட்டையர்களைப் பிடித்தார்கள். 2003-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி அது. 311 ஜோடிகள். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. ஜோடியில் ஒருவர் 17 வயதுக்குள் கஞ்சா பிடித்தவர், இன்னொருவர் அந்த வயதுக்குள் தொடாதவர். பின்னாளில் வேறு போதைப் பொருள், குடிப் பிரச்னை, அடிமைத்தனம் இவற்றில் மாட்டும் வாய்ப்பு, சீக்கிரம் ஆரம்பித்தவருக்கு 2.1 முதல் 5.2 மடங்கு வரை அதிகமாக இருந்தது. பரம்பரையும் வீடும் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்கக் கூடாது. ஆனால் ஒரே இரட்டையரில்கூட ஒருவனுக்கு வேறு சேர்க்கை இருந்திருக்கலாம் என்பதையும் அந்த ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சேர்க்கையே இல்லாத ஜீவன் எது? எலி! யாஸ்மின் ஹர்ட் என்ற விஞ்ஞானியின் குழு 2007-ல் வெளியிட்ட சோதனை இது. 'டீன் ஏஜ்' எலிகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் டி.எச்.சி. கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். எலிகள் பெரியவர்களானதும், பட்டனை அழுத்தினால் ஹெராயின் கிடைக்கிற கூண்டில் விட்டார்கள். சின்ன வயசில் டி.எச்.சி. பார்த்த எலிகள், பார்க்காத எலிகளைவிட அதிக ஹெராயின் எடுத்துக்கொண்டன. மூளையில் சந்தோஷத்தை அளக்கிற பகுதியிலும் மாற்றம் தெரிந்தது. எலிக்குக் கெட்ட சகவாசம் கிடையாது, காதல் தோல்வி கிடையாது, சினிமாவும் பார்ப்பதில்லை.

கஞ்சா பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஹெராயின் பக்கம் போவதில்லை. இதையும் வரவுப் பக்கத்தில் எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் எந்த வயதில் ஆரம்பித்தார் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. கஞ்சா பிடிப்பவர்களில் பத்துக்கு ஒருவர் அதற்கு அடிமையாவார் என்பது அமெரிக்க மதிப்பீடு. டீன் ஏஜில் ஆரம்பித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆறுக்கு ஒருவர்.

'பையன் அமைதியாயிட்டான்'

எலிகள் போதும், மனுஷனுக்கு வருவோம். மேலே ராஜா தேசிங்குக்காக வருத்தப்பட்டாரே, அந்த செஞ்சிக்கார நண்பர் சென்னையில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். பெயர் வேண்டாம். தன் தம்பியைப் பற்றி எழுதச் சொன்னவரும் அவர்தான்.

தம்பி ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்திருக்கிறான். கொடுத்தது யார்? சினிமாவில் வருகிற, தங்கப் பல் கட்டிய வில்லன் கிடையாது. பக்கத்துத் தெரு காலேஜ் பையன். நன்றாக கிரிக்கெட் ஆடுவான், பைக் வைத்திருந்தான், தம்பியை 'டேய், வாடா' என்று உரிமையோடு கூப்பிடுவான். அவன் ஒருநாள் நீட்டினான். அவ்வளவுதான்.

"வீட்ல யாருக்கும் தெரியலையா?" என்று கேட்டேன்.

"தெரியலைன்றதைவிட, அம்மாவுக்கு சந்தோஷம்னு சொல்லணும். எப்பவும் குதிச்சிக்கிட்டே இருப்பான். 'இப்ப பையன் அமைதியாயிட்டான்டா, பொறுப்பு வந்துடுச்சு'ன்னு போன்ல எங்கிட்ட சொன்னாங்க."

அந்த அமைதியில் முதலில் கிரிக்கெட் போனது. பிறகு கணக்குப் பாடம் போனது. ப்ளஸ் டூவில் மூன்று பேப்பர் போனது. பதினெட்டு வயதில் வலி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்க ஆரம்பித்திருக்கிறான். "இதுல இப்ப ஒண்ணுமே ஏறலைண்ணே" என்றானாம், அண்ணன் நேருக்கு நேர் கேட்டபோது.

"அதுகூட பரவால்ல ஸார். 'ஸ்பெஷல் கிளாஸ் ஃபீஸ்', 'ரெக்கார்டு நோட்டு'ன்னு கேட்டப்ப எல்லாம் செல்போன்ல இருநூறு முந்நூறு அனுப்பிக்கிட்டே இருந்தேன். அக்கவுண்ட்ஸ்ல வேலை. கம்பெனிக்காரன் வவுச்சர் இல்லாம ஒரு டீ செலவுகூட பாஸ் பண்ண மாட்டேன். தம்பிகிட்ட ஒரு பில் கேக்கலை."

தம்பிக்கு இப்போது 21. சிகிச்சையில் இருக்கிறான். ஒன்றரை வருஷமாக எதையும் தொடவில்லை. எலெக்ட்ரிகல் கடை ஒன்றில் வேலை. ஒரு ஆர்டரை இரண்டு முறை சொன்னால்தான் மனசில் நிற்கிறதாம். கடைக்காரர் நல்ல மனுஷர், மூன்று முறை சொல்கிறார்.

செஞ்சியைச் சொன்னதால் செஞ்சி மேல் கோபப்படாதீர்கள். எய்ம்ஸ் மருத்துவமனையை வைத்து மத்திய அரசு எடுத்த சர்வே 2019-ல் வெளியானது. நாடு முழுக்க 10 முதல் 17 வயதுக்குள் கஞ்சா வகைகளைத் தொட்டவர்கள் சுமார் 20 லட்சம் பேர் என்றது. இதில் உங்கள் ஊரும் உண்டு, எங்கள் ஊரும் உண்டு.

மார்க்கும் மனசும்

நியூஸிலாந்தில் டுனிடின் என்று ஒரு ஊர். 1972-73-ல் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். நம்மை எல்.ஐ.சி. ஏஜெண்ட்கூட இப்படிப் பின்தொடர்ந்ததில்லை. 13 வயதிலும் 38 வயதிலும் அறிவுத் திறனை அளந்தார்கள். டீன் ஏஜில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் விடாமல் பிடித்தவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை இறங்கியிருந்தது. பெரியவர்களான பிறகு ஆரம்பித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை என்று 2012-ல் அறிவித்தார்கள்.

இதை மறுக்கிறவர்களும் உண்டு. 2016-ல் அமெரிக்க இரட்டையர்களைப் பார்த்தபோது, கஞ்சா பிடித்தவருக்கும் பிடிக்காத இரட்டையருக்கும் ஐ.க்யூ. இறக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஐ.க்யூ. விஷயத்தைச் 'சந்தேகக் கணக்கில்' எழுதி வைக்கிறேன்.

மனநோய் விஷயம் அப்படியில்லை. ஸ்வீடனில் ராணுவத்தில் சேர்ந்த 45 ஆயிரத்துச் சொச்சம் இளைஞர்களைப் பதினைந்து வருஷம் கவனித்து 1987-ல் சொன்னார்கள்: ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அந்த ஆறு குறைகிறது. ஆனால் சைபர் ஆகவில்லை. டுனிடினில் 15 வயதுக்குள் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 26 வயதில் அந்த மாதிரி நோய். தொடாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேர். டென்மார்க் நாட்டுப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் 2023-ல் சொன்னது நம்மைப் போன்றவர்களுக்கு நேராகவே வருகிறது. 21 முதல் 30 வயதுள்ள ஆண்களில் வருகிற மனச்சிதைவில் 30 சதவிகிதம் வரை, கஞ்சா அடிமைத்தனம் இல்லாதிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இன்னொன்று. 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து பிடிக்கிறாங்க' என்பார்கள். தாத்தா காலத்துச் சரக்கா இது? அமெரிக்கப் போலீஸ் பிடித்த கஞ்சாவில் டி.எச்.சி. 1995-ல் சுமார் 4 சதவிகிதம். 2014-ல் 12 சதவிகிதம். விலைவாசி மாதிரி ஏறியிருக்கிறது.

டீக்கடை பெஞ்ச் வாதங்கள்

'சிவன் சொத்து ஸார்!'

சிவன் ஆலகாலத்தையும்தான் சாப்பிட்டார். அதையும் முயற்சி செய்வீர்களா?

'சித்த மருத்துவத்துலேயே இருக்குது.'

இருக்கிறது. எந்த லிஸ்டில் என்று பார்க்க வேண்டாமா? இந்திய மருந்துச் சட்ட விதிகளில், சித்த மருத்துவத்தின் நச்சுப் பொருள்கள் பட்டியலில் கஞ்சா இருக்கிறது. சுத்தி செய்து, அளந்து, நோயாளிக்கு வைத்தியர் கொடுப்பது வேறு. பேப்பரில் சுருட்டி ஒன்பதாம் வகுப்புப் பையன் இழுப்பது வேறு.

'வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணி, கெடுதல் இல்லைன்னு சொல்லிட்டான்.'

1893-94-ல் கமிஷன் போட்டது உண்மை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதி இல்லை என்று சொன்னதும் உண்மை. அளவு மீறினால் கெடுதி என்று சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரேகூட 1895-ல்தான் வந்தது.

'கனடாவுல சட்டப்படியே விக்கிறான்.'

இதற்காகத்தான் காத்திருந்தேன்! கனடா 2018-ல் அனுமதித்தது. ஆனால் கடை வாசலில் வயது கேட்கிறார்கள். பெரும்பாலான மாகாணங்களில் 19. கியூபெக் மாகாணம் 18 என்று ஆரம்பித்து, 2020-ல் 21 ஆக உயர்த்தியது. அமெரிக்காவில் அனுமதித்த மாநிலங்களில் 21. ஜெர்மனி 2024-ல் 18 வயதானவர்களுக்கு அனுமதித்தாலும், 21 வயது வரைக்கும் வீரியம் குறைந்த சரக்குதான், அதுவும் குறைந்த அளவில்தான் என்று கிளப்புகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது. கதவைத் திறந்து விட்டவர்களே சின்னப் பையனை வாசலில் நிறுத்துகிறார்கள். எல்லாக் கட்சியும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான்.

கிலோ கணக்கில் சட்டம்

நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் எடை பார்த்துத் தண்டிக்கிறது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரைக்கும் 'சிறிய அளவு'. ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், இருபது கிலோ வரை என்றால் பத்து வருஷம் வரை. இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்து வருஷம், அதிகபட்சம் இருபது. மெக்கூலம் பஸ்ஸில் கொண்டு போனது 5 கிலோ, ஞாபகம் இருக்கிறதா? விற்பதும் வைத்திருப்பதும் மட்டுமில்லை, புகைப்பதும் குற்றம்தான். ஆறு மாசம் வரை உள்ளே போகலாம். அதே சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்தும் உண்டு. அடிமையானவர் தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், சிறிய அளவுக்கும் உபயோகித்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் கறார். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். சட்டம் 'விற்றால்' என்று மட்டும் சொல்லவில்லை, 'கொடுத்தால்' என்கிறது. பிரியமாக ஒரு இழுப்பு நீட்டினாலும் அதில் வரும்.

அண்ணன்மார்களுக்கு

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு 25 தாண்டியிருக்கும். உங்கள் கோட்டைக்குக் கதவு மாட்டியாயிற்று. ஆனால் ஊரில் ஒரு தம்பி இருக்கிறான். சொந்தத் தம்பி, சித்தப்பா மகன், அக்கா பையன், டீ கொண்டுவந்து வைக்கிற பொடியன், யாரோ ஒருவன். அவனுக்கு முன்மூளை இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை. அதுவரை தற்காலிக முன்மூளை நீங்கள்தான். முதல் இழுப்பைக் கொடுக்கிறவனும் பெரும்பாலும் ஒரு அண்ணன்தான் என்பதால், தடுக்கிறவனும் ஒரு அண்ணனாக இருந்தால்தான் எடுபடும்.

என்ன செய்யலாம்? பணம் அனுப்பினால் கணக்குக் கேளுங்கள், சந்தேகப்பட்டு அல்ல, சகஜமாக. திடீர் அமைதி, பழைய நண்பர்கள் மாறுவது, விளையாட்டை விடுவது, மார்க் சரிவது, எதிலும் ஆர்வமில்லாமை, கண் சிவப்பு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பேச்சுக் கொடுங்கள். அடிக்காதீர்கள். அடித்தால் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான் லாபம். 'யாரோ பேசுற மாதிரி கேக்குது', 'என்னைப் பத்தியே பேசிக்கிறாங்க' என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். பேய், செய்வினை என்று அலைந்தால் கிடைப்பது எலுமிச்சம்பழம்.

போதை மறுவாழ்வுக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மன ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. விற்பவனைப் பற்றித் தமிழ்நாடு மதுவிலக்குப் போலீஸுக்குச் சொல்ல 10581. மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் வழி காட்டுவார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் வந்த பிறகு, 'இது ஒழுக்கக்கேடு இல்லை, சிகிச்சை உள்ள நோய்' என்ற எண்ணம் நம் ஊரில் பரவியிருக்கிறது.

நிறுத்தினால் பலன் உண்டா? உண்டு. 2018-ல் அமெரிக்காவில் 16 முதல் 25 வயதுள்ள 88 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாசம் நிறுத்தியவர்களுக்குப் புது விஷயத்தை மனசில் வாங்கும் திறன் மேம்பட்டது. அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே! சேதம் அத்தனையும் திரும்பி வரும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடுவதும் லாபம், ஒவ்வொரு வாரம் நிறுத்துவதும் லாபம்.

அந்த எலெக்ட்ரிகல் கடைத் தம்பியிடம் போனில் பேசினேன். "என்ன ஸார் எழுதப் போறீங்க?" என்றான். 'பிள்ளைங்க தொடக்கூடாதுன்னுதான்' என்றேன்.

"அப்படி எழுதாதீங்க ஸார், யாரும் படிக்க மாட்டாங்க. 'இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வெயிட் பண்ணு'ன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் எவனுக்கும் தோணாது."

பி.காம். படித்த எனக்குத் தோன்றாதது அது. அவன் சொன்னபடியே எழுதிவிட்டேன்.